காத்துப் போற சத்தம்

மழை பெய்தால் மட்டும்தான் டயர்க்காரன் மனுஷனாக இருப்பான். தகரக் கூரையில் மழை அடிக்கிறபோது பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது. அப்போது பார்க்க வேண்டும் அவனை. ஸ்டூலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, முகம் லேசாகிக் கிடப்பான். "டீ சொல்லட்டுமா பெருசு?" என்று என் பட்டறையைப் பார்த்துக் கத்துவான். மழை விட்டதும் போச்சு. கூரையில் கடைசிச் சொட்டு விழுவதற்குள் மூஞ்சி இறுகிவிடும். கையில் என்ன இருக்கிறதோ அதை எறிவான்.

என் பட்டறை அவன் கடைக்கு ஒட்டினாற்போல. லாரிக்கு ஸ்பிரிங் பட்டை அடித்து வளைத்துக் கொடுக்கிற தொழில். ரெண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் சுவர். அவன் வீடு கடைக்குப் பின்னாலேயே. அங்கே பாத்திரம் உருண்டால் எனக்குத் தெரியும், சம்மட்டி தின்றது போக மிச்சம் இருக்கிற காதுக்கே தெரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் மூன்று பேர். டயர்க்காரன். அவன் பெண்டாட்டி, தொட்டி ஓரம் உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து ஒட்டுப் போடுகிறவள். அவள் தம்பி, ஒல்லி என்று கூப்பிடுவோம். ஒல்லிதான், ஆனால் லிவர் கம்பியை ரிம்முக்குள் விட்டு ஒரே நெம்பில் லாரி டயரைப் பிரிப்பான். வாய்தான் அவனுக்கு எமன்.

அந்தத் தொழிலில் ஒரு சங்கதி இருக்கிறது. பழைய மாதிரி லாரிச் சக்கரத்தில் டயரை ரிம்மில் ஏற்றி, மேலே ஒரு இரும்பு ரிங்கை வைத்து அடித்து உட்கார வைப்பார்கள். காற்று ஏற ஏற டயர் அந்த ரிங்கை நெட்டித் தள்ளும். ரிங் சரியாக உட்கார்ந்திருந்தால் பிழைத்தோம். உட்காரவில்லை என்றால் முதலில் டியூப் நசுங்கி உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் ஹோஸைப் போட்டுவிட்டு ஓடணும். யோசிக்கக் கூடாது. யோசித்தவன் டயர்க்காரனின் அப்பா. ரிங் பறந்து அவர் தலையில் பாதியை எடுத்துக்கொண்டு தகரத்தைக் கிழித்து என் பட்டறைக்குள் வந்து விழுந்தது. சூடாக இருந்தது. நான்தான் எடுத்து வெளியே போட்டேன். தகரத்தில் அந்தக் கிழிசல் இன்னும் இருக்கிறது, சாக்கைத் திணித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஹோஸ் பிடித்துக்கொண்டு நின்றவன் இந்த டயர்க்காரன், அப்போதுதான் மீசை முளைத்திருந்தது.

இது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

போன வெயில் காலத்தில்தான் ஆரம்பித்தது. "எங்கேயோ காத்து போகுது" என்பான். கம்ப்ரசரை நிறுத்துவான், பிளக்கைப் பிடுங்குவான், ஹோஸைக் காதில் வைத்துப் பார்ப்பான். கடையில் நிறுத்தி வைத்த டயர்களை ஒவ்வொன்றாக உருட்டி காற்று அடிக்கிற மவுத்தில் எச்சில் தொட்டு வைத்துப் பார்ப்பான். குமிழி வராது. "போகுதுடா. கேக்கலையா உங்களுக்கு?" என்பான். யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் ஹோஸை அரிவாளால் துண்டு துண்டாக வெட்டினான். ஒருநாள் அடுப்பில் குக்கர் உஸ்ஸென்றதும் உள்ளே போய்த் துணிகூடப் பிடிக்காமல் அதைத் தூக்கிச் சுவரில் அடித்தான். மூடி தெறித்து, வெந்த பருப்பு முழுக்க அவள் காலில். அந்தக் கொப்புளம் ஆறுகிற வரைக்கும் அவள் ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டே ஒட்டுப் போட்டாள்.

சாப்பிடும்போது பார்ப்பேன். வலது கையில் சோறு, இடது கை காதுக்குக் கீழே கழுத்தை அமுக்கிக்கொண்டிருக்கும்.

"சோத்துல ஒரு கை, கழுத்துல ஒரு கை. மகாராஜா படத்துக்கு நிக்கறாரு" என்பாள் அவள்.

"இங்க அமுக்கினா கொஞ்சம் குறையுது."

"எது குறையுது?"

"காத்து போறது."

"அப்படியே கொஞ்சம் மேல வாயையும் அமுக்குங்க மாமா, ஊருக்கே குறையும்" என்பான் ஒல்லி.

தட்டு பறக்கும். ஒல்லி குனிந்து தப்பிப்பான், பழக்கம். சுவரில் ஒட்டின குழம்பை அவள் வழிப்பாள்.

காது டாக்டரிடம் போனான். காதில் ஒன்றுமில்லை என்றார். இன்னொருத்தர் தூங்க மாத்திரை கொடுத்தார். எனக்கு டாக்டர்கள் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒன்றுமில்லை என்று அவர்கள் சொன்னதை நம்பினேன், ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். கை நீட்டுகிறவனுக்கு ஒரு சாக்கு வேணும். ஒருத்தன் குடிச்சேன் என்பான், ஒருத்தன் பசி என்பான். இவன் காத்து என்றான்.

ஒரு விஷயம் மட்டும் கண்ணில் பட்டது. கம்ப்ரசர் ஓடுகிறபோது அவன் சாது. வேலையே இல்லாவிட்டாலும் ஓடவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அது நின்ற நிமிஷம் பேய்.

அன்றைக்குக் காற்றே இல்லாத வெயில். மதியம் கரண்ட் போய்விட்டது. தெருவில் எல்லா மெஷினும் நின்று, ஒரு மாதிரி பொக்கென்று ஆகிவிட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்ரசர் டேங்கில் மிச்சமிருந்த காற்றை வைத்து ஒல்லி ஒரு லாரிச் சக்கரத்துக்கு அடித்துக்கொண்டிருந்தான். லாரி டிரைவர் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

டயர்க்காரன் கத்தினான். "ரிங் உட்காரலடா! ஓடு!"

டிரைவர் குதித்து ரோட்டுக்கே போய்விட்டார். ஒல்லி ஓடவில்லை. "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரித்தான்.

"டேய், ஓடுடா, கேக்குதுடா எனக்கு!"

"எனக்குக் கேக்கல மாமா. ரிங்க நான்தான் அடிச்சேன், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கு. வேணும்னா வாங்க, மேல ஏறி நின்னு காட்டறேன்."

சொன்னதோடு விடாமல் ஒரு காலைத் தூக்கி ரிங்மேலேயே வைத்தான்.

டயர்க்காரன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினான். அதுவரைக்கும் காப்பாற்றத்தான் இழுத்தான், அதை நான் எங்கே வேணுமானாலும் சொல்வேன். ரிங் பறக்கவில்லை. டயர் சும்மா கிடந்தது. ரோட்டிலிருந்து டிரைவர் சிரித்தார். கீழே கிடந்த ஒல்லியும் சிரித்தான். "அக்கா, இந்த ஆளைக் கட்டிப் போடணும்."

டயர்க்காரன் லிவரை எடுத்தான். ஒல்லி கையைக் குறுக்கே கொடுத்தான். பச்சைக் கம்பை முட்டியில் வைத்து முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த அடி தாடையில், பல்லோடு ரத்தம் தொட்டித் தண்ணீரில் போய் விழுந்தது. அவள் எழுந்து ஓடி வந்தாள். அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தொட்டி விளிம்பில் மோதினான். ஒருதரம். ரெண்டாவது தரத்துக்கு இழுக்கும்போது நான் அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வயசானவன்தான், ஆனால் பட்டை அடித்த கை. பின்னாலிருந்து என் முழங்கையை அவன் கழுத்தைச் சுற்றிக் கொடுத்து இழுத்தேன். ரெண்டு பேரும் விழுந்தோம். அவன் முதுகு என் நெஞ்சில். என் தாடை அவன் இடது காதுக்குப் பின்னால் அந்த எலும்பில் அழுந்திக்கொண்டிருந்தது. திமிறினான், என் விலாவில் முழங்கையால் இடித்தான், நான் விடவில்லை.

அப்போதுதான் கேட்டது. காதில் விழவில்லை, என் தாடை எலும்பில் விழுந்தது. உஸ்... உஸ்... உஸ்... உஸ்.

என் மூச்சு என்று நினைத்தேன். மூச்சை அடக்கினேன். உஸ்... உஸ்... அது பாட்டுக்கு வந்தது. டயரில் போகிற காற்று விடாமல் போகும். இது விட்டு விட்டு, நாடி துடிக்கிற மாதிரி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு உஸ். கையை இறுக்கினேன், குறைந்தது. தளர்த்தினேன், வந்தது. குழாயைத் திருகுகிற மாதிரி. மறுபடியும் இறுக்கினேன்.

திமிறிக்கொண்டிருந்தவன் அடங்கினான். கண்ணிலிருந்து தண்ணீர் என் கையில் விழுந்தது.

"அப்படியே பிடி பெருசு" என்றான். தொண்டை நெரிபட்டுக் குரலே வரவில்லை. "விடாத. நின்னுடுச்சு. அப்படியே பிடி."

விட்டால் அடிப்பான், பிடித்தால் செத்துப்போவான். அவனோ பிடி என்கிறான்.

"ஏம்மா, இங்க வா. வந்து கேளு" என்றேன்.

அவள் நெற்றியிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. "இவன்கிட்ட என்னத்தக் கேக்கச் சொல்றீங்க பெரியப்பா? கேக்கறதெல்லாம் கேட்டாச்சு. போலீஸ்ல கேக்கட்டும்."

"கேள்வி கேக்கச் சொல்லலம்மா. காதை வெச்சுக் கேளு. இங்க. காதுக்குப் பின்னால."

அவள் அப்படியே நின்றாள். டிரைவர் உள்ளே வந்து ஒல்லியைத் தூக்கி உட்கார வைத்தார். ஒல்லி முறிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக்கொண்டிருந்தான். அவள் தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு முட்டிபோட்டுக் குனிந்து, தன் ரத்தம் அவன் சட்டையில் ஒட்ட, காதை வைத்தாள்.

நான் கையைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் நாள் முழுக்க டியூபை முக்கிக் காற்று தேடுகிறவள். "அய்யோ" என்றாள். "இது உள்ள போகுது."

டிரைவர்தான் லாரியில் ஏற்றினார். ஒரே லாரியில் அடித்தவன், அடிபட்டவன் எல்லோரும். வழியில் டயர்க்காரன் ரெண்டு தரம் வாந்தி எடுத்தான். அப்புறம் ஒரு பக்கக் கை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டது, கண் செருகிவிட்டது. ஒல்லி பல் போன வாயோடு, "நடிக்கறான்கா" என்றான். அவள் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி டயர்க்காரன் தலைக்குக் கீழே வைத்தாள். லாரித் தகரத்தில் தலை இடிக்காமல் இருக்கத்தான், பாசத்தில் என்று நான் சொல்ல மாட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா வந்தாங்க. நாங்கள் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். காதுக்குப் பின்னால் குழாயை வைத்துக் கேட்டாங்க. அப்புறம் ஸ்கேன், இன்னொரு ஸ்கேன். மறுநாள் எங்களை உட்கார வைத்துப் படத்தைக் காட்டினாங்க. கறுப்பில் வெள்ளையாக, வேர் பிடித்த மாதிரி ஒரு முடிச்சு.

"மூளைக்கு மேல ஒரு உறை இருக்கு. அந்த உறையில ரத்தம் வர்ற குழாயும் திரும்பிப் போற குழாயும் நேரா ஒட்டிக்கிட்டிருக்கு. நடுவுல மெல்லிசா ஒரு வலை இருக்கணும், வேகத்தைக் குறைக்க. இவருக்கு அந்த இடத்துல அது இல்லாம நேரா பாயுது. அதான் சத்தம். அபூர்வமா வர்றதுதான். திரும்பிப் போற குழாய் மெல்லிசு, அவ்வளவு அழுத்தம் தாங்காது. ரத்தம் மூளைக்குள்ளயே தேங்கி நிக்குது. இப்படியே விட்டா வெடிக்கும்."

"ரிங் உட்காரல" என்றாள் அவள்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அப்பனைக் கொன்ற சத்தம் அவன் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது, இரவும் பகலும். கேட்டதும் ஓடு என்று பழக்கின சத்தம். அவன் எங்கே ஓடுவான்?

"என்ன வைத்தியம்?" என்று நான் கேட்டேன்.

"தொடையில ரத்தக்குழாய்க்குள்ள ஒரு மெல்லிய குழாயை விட்டு, தலை வரைக்கும் கொண்டுபோய், அந்த ஒட்டின இடத்துல பசை மாதிரி ஒரு மருந்தை விட்டு அடைப்போம்."

"ஓட்டை தலையில. துளை போடறது தொடையிலயா? அப்ப பஞ்சர் டயர்ல இருந்தா நாங்க ஸ்டியரிங்கைக் கழட்டணுமா?"

"பெரியப்பா, சும்மா இருங்க" என்றாள் அவள்.

டாக்டரம்மா கோவிக்கவில்லை. "உடம்பு பூரா ஒரே குழாய் வழிதான் ஐயா. தொடையில நுழையறது சுலபம்." ஆபத்தும் சொன்னாங்க. பசை வேற குழாய்க்குள் போனால் வாய் கோணலாம், கைகால் விழலாம், உயிரும் போகலாம். மறைக்காமல் சொன்னதால் பாதி நம்பினேன். மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன்.

ஒல்லி மாவுக்கட்டோடு வந்து சுவரோரம் நின்றான். தாடை வீங்கிப் பேச்சு குழறியது. "அக்கா, கையெழுத்துப் போடாத. வெடிக்கட்டும். இல்ல போலீஸ் வரட்டும். உன் மண்டையைத் தொட்டுப் பாரு முதல்ல."

அவள் தொட்டுப் பார்த்தாள். தையல் போட்ட இடம். பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டாள். "அம்மா, ஒண்ணு கேக்கறேன். இவர் அடிக்கறதும் இந்தச் சத்தத்தாலதானா?"

"மூளையில ரத்தம் தேங்கினா குணம் மாறலாம். கோவம் வரலாம், குழப்பம் வரலாம்."

"கல்யாணம் ஆன புதுசுல இந்தச் சத்தம் கிடையாது. அப்பவும் அடிச்சாரு. பெல்ட்டால."

எனக்கே தெரியாத சங்கதி. நடுவில் இருக்கிற தகரம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா படத்தைத் திரும்பப் பார்த்தாங்க. "எது நோய், எது ஆளுன்னு இந்தப் படத்துல தெரியாதும்மா. குழாயை அடைக்கத்தான் எனக்குத் தெரியும்."

"அடைச்சா சத்தம் போயிடுமா? காதை வெச்சா எங்களுக்கே தெரியுமா?"

"இப்ப கேக்குதில்ல? முழுசா அடைஞ்சா கேக்காது. பிறகும் அப்பப்ப ஸ்கேன் பார்க்கணும். நடுவுல எப்பவாவது திரும்பக் கேட்டா உடனே கூட்டிட்டு வாங்க."

அவள் கையெழுத்துப் போட்டாள். ஒல்லி வெளியே போய்ச் சுவரை எட்டி உதைத்தான், உதைத்த அதிர்ச்சி கைக்குப் போய் அலறினான். நர்ஸம்மா வந்து, "இன்னொரு மாவுக்கட்டு வேணுமா தம்பி?" என்று திட்டிவிட்டுப் போனாங்க.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வராந்தா பெஞ்சில். வெளியே வெயில் சுட்டது. அவள் பொட்டலத்திலிருந்து அவித்த முட்டையை எடுத்து உரித்து எனக்கு ஒன்று கொடுத்தாள், தம்பிக்கு ஒன்று நசுக்கி நசுக்கி ஊட்டினாள். தான் சாப்பிடவில்லை. "செத்துட்டா என்னக்கா பண்ணுவ?" என்றான் ஒல்லி. "கடையத் திறப்பேன்" என்றாள். "பொழச்சா?" அவள் முட்டை ஓட்டைக் கைக்குள்ளேயே வைத்து நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு உள்ளே விட்டார்கள். மல்லாந்து கிடந்தான், காலை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வாய் கோணவில்லை. கண்ணைத் திறந்தான். மேலே பார்த்தான். பக்கவாட்டில் பார்த்தான். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது.

"யாரு ஆஃப் பண்ணது?" என்றான்.

அவள் குனிந்து அவன் காதுக்குப் பின்னால் காதை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம்" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வந்தான். கொஞ்ச நாள் எதைக் கண்டாலும் பயந்த மாதிரி மெதுவாக நடந்தான். கம்ப்ரசரைத் தேவைக்குத்தான் போட்டான். மதியத்தில் படுத்தால் மாலை வரைக்கும் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினான். ஒல்லி போலீசுக்குப் போகவில்லை. கை கோணலாகச் சேர்ந்துவிட்டது, வேறு எங்கே போய் என்ன வேலை செய்வான்? லிவரை இடது கையால் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். டயர்க்காரன் அவனிடம் மன்னிப்புக் கேட்டானா என்றால், நான் பார்க்கவில்லை. மழை இல்லாத நாளிலும் எனக்கு டீ சொல்ல ஆரம்பித்தான், அவ்வளவுதான்.

தெருவில் எல்லோரும், "பாவம், வியாதி. மனுஷன் தங்கம்" என்றார்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டு டியூபை முக்குவாள். கடை திறந்ததும் முதல் வேலையாக அவன் தலையை இழுத்துக் காதை வைத்துப் பார்ப்பாள். அவனும் குனிந்து கொடுப்பான். டிரைவர்கள் சிரிப்பார்கள். "காலையிலேயே ரகசியமா?" என்பார்கள்.

வெயில் மறுபடியும் ஏறின காலம். ஒல்லியின் இடது கையில் பலம் போதவில்லை. நெம்பின லிவர் வழுக்கித் தெறித்து டயர்க்காரனின் முழங்கால் சில்லில் அடித்தது. டயர்க்காரன் நொண்டிக்கொண்டு போய் அந்த லிவரையே எடுத்தான். ஓங்கினான். ஒல்லி கோணல் கையைக் குறுக்கே கொடுத்தபடி மூலையில் ஒடுங்கினான். "மாமா, வேணாம் மாமா" என்றான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

நான் தகரத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினேன். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

ஓடவில்லை. ஈரக் கையைத் துடைக்கக்கூட இல்லை. போகிற வழியில் கம்ப்ரசரை நிறுத்தினாள். என்னைப் பார்த்து, "பெரியப்பா, உங்க அடுப்பு ஊதற மெஷினையும் நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். ஓங்கின கையோடு நின்றவன் காதைப் பிடித்துத் தலையை இழுத்துச் சாய்த்தாள். காதுக்குப் பின்னால் காதை வைத்தாள்.

கடையில் ஒரு சத்தம் இல்லை. ரெண்டு டிரைவர்கள் டீ கிளாஸோடு நின்றார்கள். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"தம்பி, நீயும் வந்து கேளு."

"அக்கா, லிவர் வெச்சிருக்காரு."

"வந்து கேளுடா."

ஒல்லி நடுங்கிக்கொண்டே வந்து காதை வைத்தான்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலக்கா."

"பெரியப்பா, நீங்க?"

"எனக்கு எங்கம்மா கேக்கப்போகுது" என்றேன். ஆனாலும் போனேன். தாடையை அந்த எலும்பில் வைத்தேன். ஒன்றுமில்லை. கிணறு மாதிரி கிடந்தது.

"இல்ல" என்றேன்.

அவள் அவன் காதை விட்டாள். அவன் முகத்துக்கு நேராக நின்றாள். நெற்றித் தழும்பு வியர்வையில் மினுமினுத்தது.

"சுத்தமா இருக்கு" என்றாள். "மூணு பேர் கேட்டாச்சு. இப்ப ஓங்கியிருக்கற கை உன் கைதான். அடி, பார்க்கலாம்."

அவன் நின்றான். கை மேலேயே இருந்தது. எனக்கு அந்தக் கை இறங்குமா, யார் மேல் இறங்கும் என்று தெரியவில்லை. ஒல்லி கண்ணை மூடிக்கொண்டான். டயர்க்காரன் தன் இன்னொரு கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய், பழைய இடத்தில் அமுக்கிப் பார்த்தான். எதையோ கேட்டுவிட மாட்டோமா என்கிற மாதிரி. எடுத்தான். மறுபடியும் அமுக்கினான்.

பிறகு குனிந்தான். லிவர் சிமெண்டுத் தரையில் பட்டது எனக்கே கேட்டது. எறியவில்லை. வைத்தான்.